சிவகாமி அளந்த திருவோணம்

ஐப்பசி பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. காலையில் ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தபோது முருகேசன் போன் செய்தான். சிவகாமியின் தம்பி அவன். "பாவாயக்கா, அக்கா போயிருச்சுங்க" என்றான். எனக்கு அழுகை வரவில்லை. "இன்னும் பத்து நாள் இருக்குதேப்பா" என்றுதான் வாயில் வந்தது. அவன் "என்னங்க?" என்று கேட்டான். பிறகு போனை வைத்துவிட்டான். எனக்குப் பின்னால் நின்ற பெண் யாரென்று விசாரித்தாள். ஒண்டிக்கடை முக்கு பிரஸ்ஸில் எழுத்துக் கோத்த சிவகாமி என்றேன். "ஐயோ, அந்தக்காவா? எங்க ஊட்டுக் கல்யாணப் பத்திரிகை அவுங்க கோத்ததுதானுங்களே" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

இதைப் படிக்கிற உங்களில் பலருக்கும் அப்படித்தான். காதுகுத்துக்கும் புதுமனைக்கும் கருமாதிக்கும் அவளிடம் வந்து நின்றிருப்பீர்கள். அவள் போனபிறகு என்னிடம் வந்து, "அந்தம்மா எதுக்குங்க வருசா வருசம் எஸ்டேட்டு வழியில காயிதம் விரிச்சிட்டுக் கெடந்துச்சு?" என்று கேட்டவர்களும் உங்களில் உண்டு. பைத்தியம் என்று சொன்னவர்களும் உண்டு. அதற்குப் பதில் சொல்லத்தான் எழுதுகிறேன். நான் ஐந்தாவது வரை படித்தவள். ஈய எழுத்தைத் தலைகீழாக வைத்தாலும் படிப்பேன். காலேஜில் படிக்கிற என் பேத்தி, "நீ சொல்லு பாட்டி, நான் அடிச்சுத் தர்றேன்" என்றாள். என் சிநேகிதியைப் பற்றி நானே எழுதிக்கொள்வேன் என்று சொல்லிவிட்டேன்.

பிரஸ்ஸில் அவள் எழுத்துக் கோப்பாள். அச்சானபின் அந்த எழுத்துகளைப் பிரித்து மறுபடி எழுத்துப் பெட்டியின் அறைகளில் போடுவதும், தாள் மடிப்பதும், ஒட்டுவதும் என் வேலை. ப்ரூஃப் பார்த்துக் கையெழுத்துப் போடாத வேலை எதையும் அவள் மெஷினுக்கு விட்டதில்லை. ஒருமுறை எஸ்டேட் கணக்கு ரைட்டர் ஒருவர் மகன் கல்யாணப் பத்திரிகைக்கு வந்து, பஸ் போய்விடும் என்று பறந்தார். "நான் எழுதிக் குடுத்ததுதானம்மா, அப்படியே அடி" என்றார். "நீங்க எழுதினதைத்தான் நம்ப முடியலீங்க. வாய்விட்டுப் படிங்க" என்று உட்கார வைத்துவிட்டாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே படித்து, பெண்ணின் தகப்பனார் பெயரில் வந்து நின்றார். சம்பந்தி பெயருக்குப் பதில் தன் தம்பி பெயரை எழுதியிருந்தார். "பாத்தீங்களா? முறை மாறிக் கட்டி வெக்கப் பாத்தீங்க" என்றாள். அவரும் சிரித்துவிட்டார். பஸ் போய்விட்டது.

அவளுடைய ஒரே மகன் செந்தில். அவன் கைக்குழந்தையாக இருக்கும்போதே மலையிறங்கிக் கீழ்நாட்டுக்குப் போன புருஷன் திரும்பவில்லை. செந்தில் மிளகு பறிப்பான். மாசி பிறந்த மறுநாள், சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாய்த்துப் பறித்துக்கொண்டிருந்தவன் விழுந்துவிட்டான். வயது பத்தொன்பது. ஆள் ஓடிவந்து சொன்னபோது சிவகாமி ஒரு கோயில் நோட்டீஸ் கோத்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். காதில் சேதி விழுந்தபிறகும் அவள் கை நிற்கவில்லை. அந்த வரியை முடித்து, கடைசியில் இடைவெளிக் கட்டையையும் செருகிவிட்டுத்தான் எழுந்தாள். கை தன்பாட்டுக்குச் செய்த வேலை அது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உயிர் போயிருந்தது. "கொஞ்ச நேரம் இருந்துச்சுங்க. அம்மா வருதான்னு கேட்டுச்சு" என்று கூடப் பறித்த பெண் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அதற்குப்பின் சிவகாமி அழுததை நான் பார்க்கவில்லை. மூன்றாம் வாரமே வேலைக்கு வந்தாள். அவன் விழுந்ததைப் பற்றி அவள் பேசவில்லை. அந்த ஒரு வரியைப் பற்றித்தான் பேசினாள். "அந்த வரிய நான் எதுக்குக்கா முடிச்சேன்?" என்று தாள் வெட்டும்போதும், சோறு தின்னும்போதும், நடுவில் எழுந்துவந்து கேட்பாள். அரை நிமிடம் முன்னால் எழுந்திருந்தாலும் போய்ச் சேர்ந்திருக்க மாட்டாய் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "அது எனக்கும் தெரியுமுங்க" என்பாள்.

அந்த வருடம் ஆடி மாதம் ஒரு பள்ளிக்கூடத்துக் கண்காட்சிக்காக நட்சத்திரங்களைப் பற்றிச் சின்னப் புத்தகம் ஒன்று அச்சுக்கு வந்தது. அசுவினி, ரோகிணி, சுவாதி என்று நம் ஊர்ப் பெயரும், எதிரே அது எவ்வளவு தூரம் என்பதும் இருந்தன. செந்தில் பிறந்த நட்சத்திரம் திருவோணம். அந்த இடம் வந்ததும் அவள் கோப்பதை நிறுத்திவிட்டாள். ப்ரூஃப் பார்க்க வந்த அறிவியல் வாத்தியாரிடம், ஒளியாண்டு என்றால் என்னவென்று கேட்டாள். வெளிச்சம் ஒரு வருடத்தில் போகிற தூரம் என்றார் அவர். திருவோணத்திலிருந்து இங்கே வெளிச்சம் வர ஏறக்குறைய பதினாறே முக்கால் வருடம், இங்கிருந்து அங்கே போகவும் அவ்வளவு ஆகும், அங்கிருந்து யாராவது நம்மைப் பார்த்தால் பதினாறே முக்கால் வருடத்துக்கு முந்தி இருந்த நம்மைத்தான் பார்ப்பார்கள் என்றார்.

"சுத்தமாப் பதினாறே முக்காலுங்களா?"

"கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்மா."

"அச்சுல முன்னப்பின்னங்கற எழுத்து இல்லீங்க சார். சரியாச் சொல்லுங்க."

அவர் சிரித்துக்கொண்டே பையிலிருந்து ஒரு தடிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்து, பதினாறு வருடம், எட்டு மாதம், அதற்கு மேல் பதினெட்டு நாள் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார். அதிலும் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும் என்றார். சிவகாமி தலையை ஆட்டினாள்.

அன்று மத்தியானம் சோற்றுத் தூக்குப்போசியைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள். "ஏனுங்கக்கா, அங்கிருந்து பாத்தா எம்பையன் இன்னும் விழுகலீங்களே" என்றாள்.

நான் என் போசியைக் கீழே வைத்தேன். "என்ன புள்ள பேசற?"

"அவன் விழுந்த சேதி இன்னும் அங்க போய்ச் சேரலீங்க. இப்பத்தான் போயிட்டிருக்குது. சேர்றன்னிக்கு நான் இருக்கோணும். இங்க அவன் போனப்ப நான் பக்கத்துல இல்ல. அங்க போறப்பவாச்சும் இருக்கோணுங்க."

இவ்வளவுதான் விஷயம். அவள் யாரிடமும் மறைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவே. இருப்பேன் என்று சொல்லி ஒருத்தி பதினாறு வருடத்துக்கு மேல் ஒரு நாளைப் பார்த்துக்கொண்டு உயிரோடு இருந்தாள்.

ஆனால் அவளுக்குக் காலண்டர் போதவில்லை. சேதி எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். எங்கள் தொழிலில் எழுத்தின் அளவைப் பாயிண்டில் சொல்வோம். ஏறக்குறைய எழுபத்திரண்டு பாயிண்ட் ஓர் அங்குலம். பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர் முப்பத்தாறு பாயிண்ட் என்றால் அரை அங்குலம். ஒரு பாயிண்டுக்குக் கீழே அவளுக்கு ஓர் அளவு இல்லை. அதனால் நம் பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தை ஒரு பாயிண்ட் என்று வைத்துக்கொண்டாள். அந்தக் கணக்கில் வெளிச்சம் ஒரு வருடம் போகிற தூரம் அறுபத்து மூவாயிரத்துச் சொச்சம் பாயிண்ட். அடியில் சொன்னால் எழுபத்து மூன்று. திருவோணம் ஆயிரத்து இருநூறு அடிக்குக் கொஞ்சம் மேல். "இவ்வளவுதானா?" என்று நான் கேட்டேன். "நான் சூரியனையே ஒரு புள்ளி தூரத்துல வெச்சுட்டனுங்களே, பின்னென்ன" என்றாள்.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை அளந்தோம். பிரஸ்ஸில் ஆணியில் தொங்குகிற, பாயிண்ட் கோடு போட்ட எஃகு ஸ்கேலை வைத்துச் சணல் கயிற்றில் ஒரு வருடத்தை முதலில் அளந்து முடிச்சுப் போட்டாள். பிறகு செந்தில் விழுந்த மரத்தடியில் கயிற்றின் ஒரு முனையை நான் பிடித்தேன். அவள் எஸ்டேட் வண்டிப் பாதையோடு இழுத்துக்கொண்டு போனாள். ஒரு வருடம், இரண்டு வருடம் என்று அவள் சொல்லச் சொல்ல நான் எழுந்து அவள் நின்ற இடத்துக்குப் போய் உட்கார்ந்தேன். பாதை முடிகிற இடத்தில் ஒரு பாறை. அதன்மேல் கயிறு முடிந்தது. அச்சு மையால் அங்கே கோடு போட்டாள். கோட்டிலிருந்து இரண்டடி தள்ளினால் பள்ளம். கீழே சேலம் தெரியும். "நல்லவேளைங்க்கா, இன்னுங் கொஞ்சம் நீண்டிருந்தா நட்சத்திரம் பள்ளத்துல விழுந்திருக்கும்" என்றாள். செந்தில் போனபிறகு அவள் சொன்ன முதல் வேடிக்கைப் பேச்சு அது.

அடுத்த தை மாதம் முதலாளி கம்ப்யூட்டர் வாங்கினார். ஈய எழுத்தெல்லாம் எடைக்குப் போயிற்று. சிவகாமி அதிலும் உட்கார்ந்து ஒரு மாதத்தில் பழகிவிட்டாள். மாசி வந்ததும் கம்ப்யூட்டரில் ஆயிரம் பாயிண்ட் நீளத்துக்கு ஒரு கோடு போட்டாள். அதை அச்செடுத்து, சீட்டுச் சீட்டாக வெட்டி, ஒன்றோடொன்று ஒட்டச் சொன்னாள். அறுபத்து மூன்று சீட்டும் ஒரு துண்டும் சேர்ந்தால் ஒரு வருடம். செந்தில் போன நாளில் அதைச் சுருட்டி எடுத்துப்போய் மரத்தடியிலிருந்து விரித்து, முடிகிற இடத்தில் ஒரு கல் நடுவோம். மறுவருடம் அந்தக் கல்லிலிருந்து அடுத்த கல். சீட்டுகளை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுவாள். பனியில் ஊறி மண்ணாகிவிடும். "வேலை முடிஞ்ச ப்ரூஃபை எதுக்குக்கா சொமக்கறது?" என்பாள்.

காப்பி பறிக்கப் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். "என்னங்க சிவகாமியக்கா, ரோடு போடறீங்களா?" என்று கேட்பார்கள்.

"ஆமாங்க, கவர்மெண்டுதான் போட மாட்டேங்குது."

"எது வரைக்கும் போகுதுங்க?"

"திருவோணம் வரைக்கும்."

"பஸ் விடுவாங்களா?"

"நீங்க ஏறறதா இருந்தாச் சொல்லுங்க, விடச் சொல்றேன்."

சிரித்துக்கொண்டு போவார்கள். அவளும் சிரிப்பாள். அவர்கள் போனதும் முகம் பழையபடி ஆகிவிடும்.

போன வருடம் மார்கழியில் அவளுக்கு வயிற்றுப்பக்கம் வலி. சேலத்தில் பார்த்தார்கள். ஈரலில் கட்டி, முற்றிவிட்டது. நானும் முருகேசனும் பக்கத்தில் நின்றோம். டாக்டர் சுற்றி வளைத்துப் பேசினார். அவள் இடைமறித்தாள். "டாக்டர், எனக்குக் குணமாக வேண்டாங்க. ஐப்பசி இருவது தாண்டோணும். அது வரைக்கும் ஓட்டிக் குடுங்க."

"அப்ப என்னம்மா விசேஷம்? வீட்ல கல்யாணமா?"

"பையனுக்குச் சாவு வருதுங்க" என்றாள்.

டாக்டர் எங்களைப் பார்த்தார். ஆடி வரைக்கும் பார்ப்போம் என்றுதான் அவர் முருகேசனிடம் தனியாகச் சொன்னார்.

மாசியில் பதினாறாவது கல்லை அவளே வந்து நட்டாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அதன்பிறகு முழு வருடத்துக்குக் காத்திருக்க வேண்டாம், மாதாமாதம் விரிக்கலாம் என்றாள். மாதத்துக்கு ஆறடி. ஆனியோடு அவளால் நடக்க முடியவில்லை. பிறகு மாதக் கடைசியில் நான் மட்டும் போய் விரித்துவிட்டு வந்து சொல்வேன். எத்தனை அடி மிச்சம் என்று கேட்பாள். ஆடி தாண்டியது. ஆவணியும் தாண்டியது. டாக்டர் சொன்ன கெடுவை அவள் தாண்டியதில் எனக்கு ஒரு கர்வமே வந்துவிட்டது. கண்டவரிடமெல்லாம் சொன்னேன்.

ஆவணி முடியும்போது, வலிக்குப் பெரிய மருந்து எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதைக் குடித்தால் நாள் பூராவும் தூக்கம். அவள் குடிக்க மறுத்தாள். "தூங்கற நேரத்துல அவன் போயிட்டான்னா என்னக்கா பண்ணுவேன்?" என்றாள். நாள் குறித்துத்தானே இருக்கிறது, அன்றைக்கு மட்டும் விழித்திரு என்றேன். "அந்த மருந்து ஒருக்கா உள்ள போச்சுன்னா தேதி ஞாபகம் இருக்காதுங்க" என்றாள். வலி வரும்போது கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்வாள். சத்தம் வராது. விரல்தான் வெளுத்துப்போகும். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது இருக்கிறதே, அதை நான் யாருக்கும் விரும்ப மாட்டேன்.

புரட்டாசி கடைசி நாள் நான் போய் விரித்தேன். சீட்டின் முனை பாறையில் அவள் போட்டிருந்த கோட்டைத் தொட்டுவிட்டது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இந்த வயதில் ஓடினேன் என்றால் நம்புவீர்களா? அவளுடைய எஸ்டேட் லைன் வீட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு, "வந்துருச்சு புள்ள! கோட்டைத் தொட்டுருச்சு! நீ இருக்கற, பாத்துக்க!" என்று கத்தினேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நிம்மதியாகிவிட்டாள் என்று நினைத்தேன். பார்த்தால் உதடு அசைந்தது. கணக்குப் போடுகிறாள்.

"இன்னைக்கு என்ன தேதிங்க்கா?"

"புரட்டாசி முடியுது."

"அப்பத் தொடக் கூடாதுங்களே. இன்னும் இருவது நாள் இருக்குதே."

"தொட்டுருச்சு சாமி. நான் பாத்தேன்."

விரலை மடக்கி மறுபடி எண்ணினாள். பிறகு, "அக்கா, அந்தப் பாறை தப்புங்க" என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவள் சொன்னபிறகு எனக்கே வெட்கமாகிவிட்டது. பிரஸ்ஸில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். ஈய எழுத்துக்கு இருந்த பாயிண்ட் வேறு, கம்ப்யூட்டர் பாயிண்ட் வேறு. ஈயப் பாயிண்ட் மயிரிழை சின்னது. ஒரு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியவே தெரியாது. பாறையில் கோடு போட்டது பழைய எஃகு ஸ்கேலை வைத்து. வருடாவருடம் விரித்த சீட்டோ கம்ப்யூட்டரில் எடுத்தது. ஆயிரத்து இருநூறு அடியில் அந்த மயிரிழையெல்லாம் கூடி நாலரை அடி ஆகியிருந்தது. பாறைக் கோடு நாலரை அடி குறைவாக நின்றுவிட்டது.

நான் விடவில்லை. "போதும் புள்ள. நாம புடிச்சது சணல் கயிறு. அது இழுத்த இழுப்புல எத்தன அடி போச்சோ வந்துச்சோ. அந்த வாத்தியாரும் முன்னப்பின்னன்னுதானே சொன்னாரு? தொட்டாச்சுன்னு வெச்சுக்க. அந்த மருந்தைக் குடிச்சிட்டுப் படு."

"கயிறு பண்ணின தப்பு எனக்குத் தெரியாதுங்க. எனக்குத் தெரிஞ்ச தப்பை வெச்சுட்டு எப்படிக்கா படுக்கறது?"

"யாருடி கேக்கப் போறா உன்னை?"

"பாவாயக்கா, தப்புன்னு தெரிஞ்ச ப்ரூஃபுல கையெழுத்துப் போடச் சொல்றீங்களா?"

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அவள்மேல் அப்படி ஒரு கோபம். அவளுக்கு அன்றே முடிந்திருக்கலாம். மருந்தைக் குடித்து, வலியில்லாமல், காரியம் முடிந்தது என்ற நினைப்போடு போயிருக்கலாம். ஒரு மயிரிழைக்காக மூன்று வாரம் வலியை வைத்துக்கொள்கிறாளே என்று வாசலில் நின்று திட்டினேன். உள்ளே அவளுக்குக் கேட்டிருக்கும். "அக்கா, திட்டி முடிச்சுட்டு ஒரு வாய் தண்ணி குடுங்க" என்று குரல் வந்தது.

அதன்பிறகு பத்து நாள்தான் இருந்தாள். கடைசி முறை நான் போனபோது பேச்சு குழறிவிட்டது. நாலரை அடிக்கு எத்தனை சீட்டு என்று மட்டும் தெளிவாகச் சொன்னாள். வெட்டி ஒட்டி வைக்கச் சொன்னாள். "பாறைக்கு அப்பறம் தரையில்லீங்களேக்கா" என்றாள். அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மறுநாள் காலையில்தான் முருகேசன் போன் வந்தது.

நான் போகும்போது முகத்தில் மஞ்சள் பூசிப் படுக்க வைத்திருந்தார்கள். கட்டில் சட்டத்தைப் பிடித்த விரல்கள் நீட்டினாலும் நீளாமல் மடங்கியே இருந்தன. மருந்துப் பாட்டில் மூடி திறக்காமல் இருந்தது. பாடை தூக்கியது அவளுடைய தம்பி மகன்கள். மழை தூறிக்கொண்டே இருந்ததால் விறகில் தீப்பிடிக்க நேரமாயிற்று. நான் சுடுகாட்டுப் பக்கம் போகவில்லை. பெண்கள் போவதில்லை என்பதால் மட்டுமல்ல, பத்து நாள் பாக்கி வைத்துவிட்டுப் போனாளே என்ற ஆற்றாமை.

ஐப்பசி இருபதாம் தேதி சாயங்காலம் நான் பாறைக்குப் போனேன். தனியாக விட மாட்டேன் என்று முருகேசன் கூட வந்தான். மேற்கே திருவோணம் தெரிய வேண்டிய நேரம். நடுவில் பெரிதாக ஒன்றும் இரண்டு பக்கமும் சின்னதாக ஒவ்வொன்றுமாக மூன்று இருக்கும் என்று அவள் எனக்குக் காட்டியிருக்கிறாள். அன்று ஒன்றும் தெரியவில்லை. கையை நீட்டினால் கை தெரியாத மூட்டம். கோட்டில் சீட்டின் முனையை வைத்து, மேலே கல்லை வைத்தேன். இரண்டடி பாறைமேல் கிடந்தது. மிச்சம் இரண்டரை அடி பள்ளத்துக்குள் தொங்கியது. நான் படுத்துக்கொண்டு கையை நீட்டி அதன் நுனியைப் பிடித்து நேராக்கப் பார்த்தேன். முருகேசன் என் காலைப் பிடித்துக்கொண்டான். ஈரத்தில் காகிதம் துவண்டது. நேராக நிற்கவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

"என்னக்கா பண்றீங்க?" என்று அவன் கேட்டான். செந்தில் விழுகிறான் என்று எப்படிச் சொல்வது?

அவள் முந்திக்கொண்டாள் என்று எனக்கு அப்போது தோன்றியது. அங்கே பிள்ளை போவதற்குப் பத்து நாள் முன்னால் இங்கே தாய் போய்விட்டாள். தாய் முந்திப் போவதுதானே முறை என்று மனதைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். அவள் இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டாள். "அவன் சாவை அங்கத்துக் கணக்குலயும் எஞ்சாவை இங்கத்துக் கணக்குலயும் வெச்சுக் கூட்டறீங்களேக்கா. ஈயப் பாயிண்டையும் கம்ப்யூட்டர் பாயிண்டையும் கலந்த மாதிரி" என்றிருப்பாள். ஆகவே அந்தத் தேறுதலை நான் வைத்துக்கொள்ளவில்லை. அவள் அந்த நாளுக்கு இல்லை. அதுதான் நடந்தது.

வெளிச்சம் அன்று போய்ச் சேர்ந்ததா என்று எனக்குத் தெரியாது. அங்கிருந்து ஏதாவது பதில் புறப்பட்டிருந்தாலும் இங்கே வர இன்னொரு பதினாறே முக்கால் வருடம் ஆகும். நான் இருக்க மாட்டேன். இதைப் படிக்கிற சிறியவர்கள் இருப்பீர்கள்.

அவளிடமிருந்து எனக்கென்று மிஞ்சிய ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். முன்பெல்லாம் சாவு வீட்டுக்குப் போனால் முகம் காட்டிவிட்டு, கடைசி பஸ்ஸைச் சொல்லி எழுந்துவிடுவேன். நோயாளி வீட்டிலும் அப்படித்தான், முனகல் கேட்டால் வெளியே வந்து நிற்பேன். இப்போது எழுந்திருப்பதில்லை. போன வாரம் மாரமங்கலத்தில் ஒரு பெரியவருக்கு உயிர் இழுத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொருவராக வெளியே போய்விட்டார்கள். என் மருமகள் தோளைத் தொட்டு, "போலாங்களா அத்தை, பார்க்க முடியலீங்க" என்றாள்.

"நீ போ கண்ணு" என்றேன். "நான் இருக்கறேன்."